மடிக்கணினியின் சேமிப்பகத்தை மாற்றுதலும் பதிவுகளைக் குறைவின்றி இடம்பெயர்த்தலும்

2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாளை ஒட்டித் திருப்பதியில் பெருமழை பெய்தது. தெருக்கள் ஓடைகளாயின, சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. அன்று மழைமானியைப் பார்த்துக் குறிக்கப்பட்ட ஓர் எண்ணை இனி எவரும் மீண்டும் அளந்து பெற இயலாது. சித்தூர்ப் பகுதியின் கிணறுகளில் ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் நீர்மட்ட அளவுகளும் அத்தகையனவே. சென்ற ஆண்டு மே மாதத்து நீர்மட்டத்தை இவ்வாண்டு மே மாதத்தில் அளக்க முடியாது. பள்ளி ஆசிரியர் ஒருவர் பத்தாண்டுகளாகத் தொகுத்த பாடக் குறிப்புகளும் மாணவர் பரிசோதனைப் பதிவுகளும் இவ்வகையைச் சேர்ந்தனவே.

இப்பதிவுகளுட் பெரும்பகுதி இன்று பழைய மடிக்கணினிகளில் தங்கியுள்ளது. கணினி மந்தமாகிவிட்டது என்று கருதி அதன் சேமிப்பகத்தை மாற்ற முற்படுவோர், சாதனத்தின் மீது செலுத்தும் கவனத்தைப் பதிவுகளின் மீது செலுத்துவதில்லை. சாதனம் கடையிற் கிடைக்கும், பதிவு கிடைக்காது. மாற்றும் வேலையின் ஒழுங்கு முழுவதும் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

முன்னோர் கையாண்ட ஒழுங்கு

ஒரு சேமிப்பகத்தை நீக்கி மற்றொன்றை அமைக்குமுன் அதிலுள்ளவற்றைப் படியெடுத்தல் புதிய வழக்கமன்று. திருமழபாடிக் கோயிலின் நடுக்கோயிலைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராச சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவர்களை இடிக்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தான். முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1026-இல், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. சுவர் இடிந்த நாள் முதல் மீண்டும் பொறிக்கப்படும்வரை அந்த ஏடே நில தானங்களுக்குரிய சான்றாக இருந்தது. திருமலைக் கோயிலிலும் 13-ஆம் நூற்றாண்டுத் திருப்பணியின்போது பழைய சாசனங்கள் படியெடுக்கப்பட்டு மீண்டும் பொறிக்கப்பட்டன.

முதலிற் படியெடுத்தல், அடுத்து ஒப்புநோக்கல், அதன் பின்னரே பழையதை நீக்கல் என்னும் இம்மூன்றின் வரிசை மாறினால் இழப்பு நேரும். கல்லுக்குப் பொருந்திய இவ்விதி காந்தத் தட்டுக்கும் பொருந்தும்.

பழைய வன்தட்டு மந்தமாவது ஏன்?

ஹார்ட் டிஸ்க் என வழங்கும் வன்தட்டு 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தால் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை அது தாங்கியது. இன்று மடிக்கணினிகளில் காணப்படும் 2.5 அங்குல வன்தட்டு அதனினும் பன்மடங்கு கொள்ளளவுடையதாயினும் செயல்முறை ஒன்றே. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கிறது. நுண்ணிய கரம் ஒன்று அதன்மேல் நகர்ந்து குறித்த இடத்தைச் சென்றடைகிறது.

தாமதம் இவ்விரண்டு அசைவுகளால் விளைகிறது. மடிக்கணினி வன்தட்டுகளிற் பல நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வன. ஆகவே விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவிநாடி. வேண்டிய இடம் கரத்தின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிவிநாடி, காத்திருக்க வேண்டும். கரம் நகர்வதற்குச் சுமார் 12 மில்லிவிநாடி ஆகும் எனக் கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 18 மில்லிவிநாடி. இங்குமங்கும் சிதறிக் கிடக்கும் 10,000 சிறு பகுதிகளைப் படிக்கக் காத்திருப்பு மட்டும் 180 விநாடி ஆகிறது. கணினியைத் திறந்தவுடன் பல நிமிடங்கள் காத்திருக்க நேர்வதன் காரணம் இதுவே.

புதிய சேமிப்பகத்தின் இயல்பு

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மச் சேமிப்பகத்தில் சுழலும் பொருளோ நகரும் கரமோ இல்லை. மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி, அம்மின்னூட்டத்தின் அளவைக் கொண்டு பதிவு செய்யப்படுகிறது. இதற்கு அடிப்படையான மிதவை வாயில் என்னும் அமைப்பை 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவன் காங், சைமன் சே ஆகிய இருவரும் விளக்கினர். பின்னர் டோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார்.

இதில் ஒரு சிறு பகுதியைச் சென்றடைய 0.1 மில்லிவிநாடியோ அதனினும் குறைவோ போதும். மேற்கூறிய 10,000 பகுதிகளுக்கு ஒரு விநாடியே ஆகும். ஜீப்பிலும் பேருந்திலும் கணினியை எடுத்துச் செல்லும் களப் பணியாளருக்கு, அதிர்ச்சியைத் தாங்கும் தன்மை மற்றொரு நன்மை.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் படலம் சிறிது தேய்கிறது. மின்சாரமின்றி நெடுங்காலம் வைத்திருந்தால் மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். கோடையில் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும் திருப்பதியில், நன்கு தேய்ந்த எஸ்.எஸ்.டி. ஒன்றை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்து அதனையே காப்புப் பிரதியென நம்புதல் தகாது. மேலும் வன்தட்டு பழுதாகுமுன் பெரும்பாலும் ஒலியாலோ தாமதத்தாலோ எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. அத்தகைய முன்னறிவிப்பின்றி நின்றுவிடுதலும் உண்டு.

தேர்ந்தெடுத்தல்

வாங்குமுன் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, வடிவம். பழைய மடிக்கணினிகள் 2.5 அங்குலச் சேமிப்பகத்தையும் சாட்டா என்னும் இணைப்பையும் உடையன. அவற்றின் தடிமன் 7 அல்லது 9.5 மில்லிமீட்டர், மெல்லியதை எதிலும் பொருத்தலாம், தடித்தது சிலவற்றில் நுழையாது. புதிய கணினிகளில் எம்.2 எனப்படும் சிறு பலகை வடிவம் உண்டு. அவற்றுள் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடையது பெருவழக்கு. எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் என்.வி.எம்.இ. வகையும் உள்ளன. தோற்றம் ஒத்திருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடும் தவறு அடிக்கடி நேர்கிறது. சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது.

இரண்டாவது, வேகம். சாட்டா வகை விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட்டு வரை செல்லும், என்.வி.எம்.இ. வகை அதனினும் பன்மடங்கு செல்லும். பழைய கணினியில் சாட்டா வகைக்கு மாறுவதே கண்கூடான பயனைத் தரும்.

மூன்றாவது, கொள்ளளவு. உறையின்மேல் 500 ஜிகாபைட்டு என அச்சிட்டிருப்பினும் விண்டோஸ் கணினியில் 465 என்றே தோன்றும். இது மோசடியன்று. உற்பத்தியாளர் ஜிகாபைட்டை 100 கோடி பைட்டு எனக் கணக்கிடுகின்றனர். கணினி இரண்டின் முப்பதாம் படியைக் கொண்டு வகுக்கிறது. நிரம்பிய எஸ்.எஸ்.டி. மந்தமாகும், ஆகவே தேவையினும் நான்கில் ஒரு பங்கு மிகுதியாகக் கொள்ளுதல் நலம்.

படியெடுக்குமுன் செய்யத்தக்கன

1. பழைய வன்தட்டின் உடல்நிலையை அறிதல். அதனுள்ளேயே ஸ்மார்ட் என்னும் கண்காணிப்பு முறை உண்டு. அது கெட்டுப்போனமையால் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும், படிக்க இயலாது நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கையையும் காட்டும். நிலுவை எண் பூச்சியமாக இல்லையெனில், மறுபடி கிடைக்காத கோப்புகளையே முதலிற் படியெடுக்க வேண்டும்.

2. தனியானதொரு காப்புப் பிரதி எடுத்தல். வெளிச் சேமிப்பகம் ஒன்றில் முக்கியக் கோப்புகள் அனைத்தையும் பதித்துக்கொள்ள வேண்டும். புதிய எஸ்.எஸ்.டி.யில் எழுதப்படும் படி இதற்கு ஈடாகாது.

3. மறைகுறியாக்கத் திறவுகோலை எழுதி வைத்தல். பிட்லாக்கர் முதலிய பூட்டு இயங்கும் கணினியில், மீட்புக்குரிய 48 இலக்கங்களைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைக்க வேண்டும். இதனை மறந்தோர் கோப்புகள் கண்முன் இருந்தும் திறக்க மாட்டாது நிற்பர்.

4. மின்கலம் முழுதும் ஏற்றப்பட்டிருத்தல். வேலை நடுவில் மின்தடை நேரும் ஊர்களில் இது இன்றியமையாதது.

படியெடுக்கும் இரு வழிகள்

முதல் வழி, முழு நகல் எடுத்தல். இயங்குதளம், நிரல்கள், கோப்புகள் யாவும் இருந்தவாறே புதிய சேமிப்பகத்துக்குச் செல்லும். புதியதை யு.எஸ்.பி. பெட்டியொன்றில் வைத்துக் கணினியுடன் இணைத்து, குளோன்சில்லா போன்ற இலவச நிரலைக் கொண்டு செய்யலாம். இங்கு நேரும் பெருந்தவறு ஒன்றே: மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் குறித்தல். அவ்வாறு குறித்தால் வெறுமையான புதிய சேமிப்பகம் பழையதன் மீது படியெடுக்கப்பட்டு யாவும் அழியும். ஆகவே இரண்டின் தயாரிப்புப் பெயரையும் கொள்ளளவையும் முன்பே தாளில் எழுதிக்கொண்டு, தொடங்குமுன் இருவர் உரக்கப் படித்து ஒப்பிடுதல் சிறந்தது.

இரண்டாம் வழி, புதிய சேமிப்பகத்தில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கோப்புகளை மட்டும் கொணர்தல். நேரம் மிகுதியாகும், ஆயினும் பழைய குப்பையும் நச்சுநிரலும் உடன் வாரா. நோயுற்ற வன்தட்டுக்கு முழு நகல் பொருந்தாது, இவ்வழியே ஏற்றது. மிகவும் பழுதுற்றிருப்பின் படிக்க இயலும் பகுதிகளை முதலில் எடுத்துக் கெட்ட பகுதிகளைப் பின்னர் முயலும் மீட்பு நிரல்கள் உண்டு. வன்தட்டிலிருந்து தட்டும் ஒலி கேட்குமாயின் மின்சாரத்தை நிறுத்தி வல்லுநரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

காலத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். 200 ஜிகாபைட்டு பதிவுகள் விநாடிக்கு 100 மெகாபைட்டு வேகத்திற் சென்றால் 2,000 விநாடி, அதாவது 33 நிமிடம். பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் வேகம் விநாடிக்குச் சுமார் 35 மெகாபைட்டே. அப்போது 95 நிமிடம் ஆகும். சிறு கோப்புகள் பலவாயின் இதனினும் நீளும்.

பொருத்தும் முறை

கணினியை நிறுத்தி, மின்கம்பியை அகற்றி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் நீக்க வேண்டும். மின்கலம் உள்ளேயே இருப்பின் அதன் இணைப்பை முதலில் விடுவித்தல் முறை. உலர்ந்த நாளில் உடலிற் சேரும் நிலைமின்சாரம் நுண்கருவிகளைக் கெடுக்கும். ஆதலின் நிலத்தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டபின் வேலையைத் தொடங்க வேண்டும். திருகுகள் நீளத்தில் வேறுபடும். ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே திருகுகளைக் குத்தி வைத்தால் குழப்பம் நேராது. பழைய சேமிப்பகத்தைத் தாங்கியிருந்த உலோகச் சட்டத்தைப் புதியதற்கு மாற்றி, இணைப்பு முழுதும் பொருந்தும்வரை கிடைநிலையிற் செலுத்த வேண்டும்.

ஒப்புநோக்கல்

கணினி புதிய சேமிப்பகத்திலிருந்து இயங்கத் தொடங்கியதும் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணுவர். மிக இன்றியமையாத பகுதி அப்போதுதான் தொடங்குகிறது.

முதற்படி, எண்ணிக்கை. பழையதிலும் புதியதிலும் ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட்டுகளையும் ஒப்பிட வேண்டும். கணினி காட்டும் இரு அளவுகளுள் கோப்பின் உண்மை அளவையே கொள்க. வட்டிற் பிடிக்கும் இடத்தின் அளவு சேமிப்பகத்துக்குச் சேமிப்பகம் வேறுபடும்.

இரண்டாம் படி, சரிபார்ப்புக் குறி. ஷா-256 எனப்படும் கணக்கு எந்தக் கோப்பையும் 64 குறிகளாகச் சுருக்கிக் காட்டும். மூலத்தின் குறியும் படியின் குறியும் ஒன்றாயின் இரண்டும் ஒன்றே எனத் துணியலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதற்குரிய கட்டளை இயங்குதளத்திலேயே அமைந்துள்ளது.

மூன்றாம் படி, திறந்து பார்த்தல். பழைய ஆண்டின் கோப்பொன்று, அண்மை ஆண்டின் கோப்பொன்று, படம் ஒன்று, அட்டவணை ஒன்று எனத் தேர்ந்து திறந்து படிக்க வேண்டும். பழைய வன்தட்டிலேயே பழுதுற்றிருந்த கோப்பு பழுதுடனேயே படியாகும்; அதனைச் சரிபார்ப்புக் குறி காட்டிக்கொடாது.

எழுத்தும் பொருளும் உடன்வர வேண்டும்

சித்தூர்ப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குவதால், இவ்வூர் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரியதொரு சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சிட்ட தமிழ், தெலுங்கு ஆவணங்கள் தனித்தனி எழுத்துருக்களைச் சார்ந்தவை. கோப்பு பழுதின்றி வந்தும், அவ்வெழுத்துரு புதிய நிறுவலில் இல்லையெனில் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். எழுத்துருக் கோப்புகளையும் படியெடுத்து, காலம் வாய்க்கும்போது ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றுதல் வேண்டும். மேலும், நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்புகளை லினக்ஸுக்குக் கொண்டு செல்லும்போது சில மறுக்கப்படும். அங்கு ஒரு பெயருக்கு 255 பைட்டு எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும்.

எழுத்து வந்தும் பொருள் வராமற்போவதற்குத் திருமலையிலேயே சான்றுண்டு. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் செப்பேடுகளிற் பொறிக்கப்பட்டுக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் வைக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் அவற்றைப் படித்துப் படியெடுத்து அச்சேற்றினர். செம்பு பாடல்களைக் காத்தது. இராகத்தின் பெயரையும் காத்தது. ஆனால் மெட்டு ஏட்டில் எழுதப்படவில்லை. ஆகவே இன்று பாடப்படும் மெட்டுகளுட் பெரும்பாலன பிற்கால இசைவாணர் அமைத்தவை.

நீர்மட்ட அட்டவணையில் 8.4 என்னும் எண் இருந்து, அது மீட்டரா அடியா, தரையிலிருந்து அளந்ததா கிணற்றுக் கட்டைச் சுவரிலிருந்து அளந்ததா என்னும் குறிப்பு இல்லையெனில், அதுவும் மெட்டில்லாப் பாடலே. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி மாவட்டம் தனியே அமைக்கப்பட்டது. அதற்கு முன்னைய கோப்புகளில் சித்தூர் மாவட்டம் எனக் குறிக்கப்பட்ட ஊர்களிற் பல இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒவ்வொரு கோப்புறையிலும் அலகு, அளந்த முறை, இடம், அக்காலத்து மாவட்டம் ஆகியவற்றைக் கூறும் சிறு விவரக் குறிப்பை எளிய உரைக் கோப்பாக வைத்தல் வேண்டும். சேமிப்பகம் மாற்றும் வேளையே அதனை எழுதுவதற்குத் தக்க வேளை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையிலுள்ள காதங்கியில் 1990-களின் தொடக்கம் முதல் ரேடார் வாயிலாக மேல்வளிக் காற்று ஆராயப்பட்டு வருகிறது. அத்தகைய நெடுங்கால ஆய்வுகளின் பயன் முழுவதும், அன்றைய எண்ணை இன்றைய ஆய்வாளர் ஐயமின்றிப் படிக்க இயல்வதைப் பொறுத்தது.

பழைய வன்தட்டை என் செய்வது?

உடனே அழிக்கலாகாது. குறைந்தது ஒரு மாதமேனும், பெயரும் தேதியும் எழுதி உலர்ந்த இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். நல்ல நிலையில் உள்ளதாயின் அதனையே மூன்றாம் பிரதியாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை இயக்கிப் பார்க்கலாம். மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேற்றூரில் என்பது நல்ல விதி. சித்தூர் அலுவலகத்தின் பிரதி ஒன்று 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் இருப்பின், ஒரே வெள்ளமோ தீயோ இரண்டையும் அழிக்காது.

கைவிடுவதாயின், கோப்புகளை நீக்குதல் மட்டும் போதாது. நீக்கிய கோப்பை மீட்க இயலும். வன்தட்டு முழுவதையும் ஒருமுறை மேலெழுதி, மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். மாணவர் பெயர், மதிப்பெண், குடும்ப விவரம் அடங்கிய வன்தட்டைப் பழைய இரும்புக் கடையிற் போடுதல் அம்மாணவருக்குச் செய்யும் தீங்காகும்.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில் அரைச் சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுக. (விடை: சுமார் 4.2 மில்லிவிநாடி.)

2. 256 ஜிகாபைட்டு என அச்சிட்ட எஸ்.எஸ்.டி. கணினியில் எவ்வளவாகத் தோன்றும்? (விடை: சுமார் 238.)

3. ‘திருப்பதி’ என்னும் சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது குறி, 27 பைட்டு. ‘சித்தூர்’ என்பதற்கு எத்தனை? (விடை: எட்டுக் குறி, 24 பைட்டு.)

4. ஒரு வரி கொண்ட உரைக் கோப்பின் ஷா-256 குறியைக் கரும்பலகையில் எழுதுக. கோப்பில் ஓர் ‘அ’வை ‘ஆ’வாக மாற்றி மீண்டும் கணக்கிடுக. 64 குறிகளும் எவ்வாறு மாறின என்பதை மாணவர் ஒப்பிட்டு, படியெடுத்தபின் ஒப்புநோக்குவது ஏன் அவசியம் என்பதைத் தம் சொற்களில் எழுதுக.